முதல் டம்ளர்

கொன்றைவலசில் நோய் கைமாறத் தொடங்கியது தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்தில், காபி வேளையில். தலைமையாசிரியரின் மனைவி கோகிலம் ஒற்றைத் தலைவலியில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். ஊர் வழக்கப்படி பார்த்துவிட்டுப் போக வந்த பெண்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சாத்துக்குடியையும் மேசைமேல் வைத்து, "இப்ப எப்படீங்க இருக்குது?" என்று கேட்டு, கொடுத்த காபியைக் குடித்து எழுந்தார்கள். எழுந்த ஒவ்வொருத்தியும் நெற்றிப்பொட்டில் ஒரு சின்னத் துண்டுத் தலைவலியோடு வீட்டுக்குப் போனாள். கடைசிப் பெண் செருப்பை மாட்டுகிற நேரத்தில் கோகிலம் ஜன்னலைத் திறந்துவிட்டு, இட்லிக்கு அரிசி ஊறப்போடப் போய்விட்டாள்.

ஊர் இதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. விசைத்தறி ஓடுகிற ஊரில் வாயைப் பிளந்து நிற்க யாருக்கு நேரம்? மழை பெய்தால் துணியை எடுப்பது போல, நோய் கைமாறுகிறது என்று தெரிந்ததும் அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ளத் தொடங்கினார்கள். அது ஏன், எப்படி என்று கேட்ட ஒரே ஆள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அமலோற்பவம்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, நாற்பது வயது, தனிக்கட்டை, கண்ணால் காணாததை நம்பக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். சாயப்பட்டறை மேஸ்திரிக்குக் காய்ச்சல் கொதித்த அன்று தெர்மாமீட்டரும் கையுமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பார்க்க வந்த ஒவ்வொருவரும் காலி டம்ளரைக் கீழே வைக்க வைக்கப் பாதரசம் இறங்குவதைக் கண்ணால் கண்டாள். கண்டும் நம்பமுடியாமல் தானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். சித்திரை வெயிலில் பல் கிட்டித்துக்கொண்டு குடியிருப்புக்கு நடந்து போனவள், போர்வைக்குள் கிடந்தபடி தான் படித்த படிப்பையெல்லாம் ஒருமுறை திட்டித் தீர்த்தாள்.

நாள்பட நாள்பட விதிகள் பிடிபட்டன. நோயாளியின் வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும், எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், அந்த வீட்டுப் புழக்கத்து டம்ளரில் எதையாவது குடிக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் டம்ளர் குடிப்பவருக்குப் பெரிய பங்கு, அடுத்தடுத்து வருகிறவர்களுக்குச் சிறுகச் சிறுக. ஆளுக்குக் கடுகளவு வந்தால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் கரைந்துபோகும், பெரும்பங்கு வந்தவருக்கு மட்டும் அது சொந்த நோயாகவே தங்கிவிடும், குடித்து வந்தது குடித்துத்தான் போகுமே தவிர மாத்திரைக்கு மசியாது. ஆகவே முதல் டம்ளரை யார் எடுப்பது என்பது கொன்றைவலசில் மரியாதைப் பிரச்சினை ஆயிற்று. மைத்துனன் எடுக்க வேண்டும் என்றார்கள், பிறகு மைத்துனர்கள் எல்லாம் தாமதமாகவே வந்து சேர்ந்தார்கள்.

பெண் பார்க்கப் போகிறவர்கள் நகையை விட்டுவிட்டு அங்காளி பங்காளி எத்தனை பேர் என்று விசாரித்தார்கள். வரப்புத் தகராறில் பேச்சை விட்ட அண்ணன் தம்பிகள், மழைக்காலத்துக்கு முன்னால் ராசியாகிவிடுவது நல்லது என்று ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்தார்கள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க, குடிக்க ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்வது முகத்தில் அறைவதற்குச் சமமாயிற்று. வாழ்நாளெல்லாம் யாருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத மண்டிக்காரர் தன் சளியை முழுசாகத் தானே இருமித் தீர்க்க வேண்டியதாயிற்று, அதில் ஊருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

சென்னையிலிருந்து சமூக அறிவியல் பேராசிரியர் சபேசன் வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டிப் பேசினார். நோய் என்பது ஒரு உடம்புக்குள் அடைபட்டது என்பது ஒரு சாராரின் எண்ணம்தான், உலகத்தில் பலருக்கு அது இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற சங்கதி என்றார். ஆப்பிரிக்கப் பாலைநிலத்தில் ஒருவர் நோய்க்குக் கூட்டமே சேர்ந்து ஆடுவதைச் சொன்னார். தென்னமெரிக்கக் காட்டில் மனைவிக்குப் பேறுகாலம் என்றால் புருஷனும் தொட்டில்படுக்கையில் படுத்துப் பத்தியம் காப்பதைச் சொன்னார். பொண்டாட்டி வேலையாக இருக்கும்போது புருஷன் படுத்துக்கொள்வதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். பேச்சு முடிந்து ஒரு பெரிய மனிதர் வீட்டில் மரியாதையாகக் காபி கொடுத்தார்கள், அதுவரை விதிகள் தெரியாத பேராசிரியர் நலம் விசாரித்துக் குடித்துவிட்டு, அந்த வீட்டுக்காரரின் நாட்பட்ட மூலத்தில் ஒரு நல்ல பங்கோடு சென்னை வரைக்கும் பேருந்தில் நின்றுகொண்டே போனார். ஏறுவதற்கு முன்னால் அமலோற்பவத்திடம் ஒன்று சொன்னார்: "டம்ளர் போகிற வழியில்தான் நோய் போகிறது டாக்டர். எங்கே போகவில்லை என்று பாருங்கள்." அவள் நல்ல வாக்கியம் என்று தலையாட்டினாள்.

டம்ளர் போகாத இடம் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு ஓடை. காலனிக்காரர்கள் ஊருக்குள் தறி ஓட்ட வருவார்கள், ஊர்க்காரர்களின் வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பேசுவார்கள், தாகமென்றால் காகிதக் கப்பில் வாங்கிக் குடிப்பார்கள். ஊர்க்காரர்கள் ஓட்டுக் கேட்பதற்குத் தவிர ஓடையைத் தாண்டியதில்லை. ஆகவே ஊர் நோய் ஊருக்குள்ளும் காலனி நோய் காலனிக்குள்ளும் சுற்றி வந்தன. கொன்றைவலசுக்கு இது மிகவும் ஒழுங்கான ஏற்பாடாகவே பட்டது.

அப்போதுதான் தறிப்பட்டறை முதலாளி நாச்சிமுத்து படுத்தார். வயிற்றுப்புண் என்று வீட்டில் சொன்னார்கள். கோயமுத்தூர் போய்ப் பார்த்து வந்தார்களே தவிர, அங்கே என்ன சொன்னார்கள் என்று அமலோற்பவத்திடம்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் சொந்தபந்தங்களுக்கு மூக்கு நீளம். மைத்துனன் பழனிக்குப் போனான், பங்காளிகள் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போனார்கள், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் கால் சுளுக்கிக்கொண்டது. ஊரிலேயே பெரிய கூடத்தில், துடைத்து வைத்த வெள்ளி டம்ளர்கள் வரிசையாகக் காத்திருக்க, குடிக்க ஒரு ஆள் இல்லை.

நாச்சிமுத்து காலனிக்கு ஆள் அனுப்பினார். வந்தவர்களை வழக்கம்போல கேட்டுக்கு வெளியே நிறுத்திக் காகிதக் கப்பில் பால் கொடுத்தார்கள், எல்லோரும் எப்படி இருக்குது முதலாளி என்று கத்திக் கேட்டுவிட்டுக் குடித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நோய்க்கு அந்த மாதிரியான மரியாதை தெரியாது. மறுநாள் அவர் மனைவி சாமியாத்தாள் தானே கேட்டைத் திறந்து வெளியே வந்து, பட்டுச் சேலையோடு, "உள்ள வாங்க, நடுவூட்டுல வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டாள்.

சேதி ஓடையைத் தாண்டியதும் காலனி வாசலுக்கு வந்து கூடிப் பேசியது. முதல் டம்ளர் ஆறுச்சாமிக்கு என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். ஆறுச்சாமி தறிக்காரன். வாலிபத்தில் டீக்கடைப் பெஞ்சில் காலனிக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு உடைத்தவன். அதற்கு வாங்கிய அடியில் அவன் இடது கை இன்றைக்கும் முழுசாக நீளாது. அவன் நேராக அமலோற்பவத்திடம் வந்தான்.

"போறதுங்களா டாக்டரம்மா? எனக்கு என்னமோ மனசு ஒப்பலீங்க."

"ஏன் ஒப்பாம? அடி வாங்கிக் கேட்டீங்கல்ல, இப்ப அவங்களே கூப்பிடுறாங்க. வயித்துப்புண்ணுதான் ஆறுச்சாமி. பெரிய பங்கு வந்தாலும் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். எத்தனை தலைமுறைக்கு அப்புறம் அந்தக் கதவு திறந்திருக்கு? போங்க."

 தன் கண் முன்னால் சரித்திரம் நடக்கிறது என்று மெய்யாகவே நம்பினாள். தானும் கூடப் போய் அந்தக் கூடத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாள். ஆறுச்சாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைவைத்த நாற்காலியில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தான். நாச்சிமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தன் கையாலேயே வெள்ளி டம்ளரை எடுத்துக் கொடுத்தார். "இப்ப எப்படீங்க இருக்குது?" என்று ஆறுச்சாமி கேட்டான், குடித்தான். அவனுக்குப் பின்னால் காலனியே வரிசையில் வந்து குடித்தது. பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தார்கள், சிலர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடித்தார்கள். அன்று சாயங்காலம் காலனியில் பறை அடித்தார்கள், கேசரி கிண்டினார்கள்.

ஆறுச்சாமி இளைத்தான். முதலில் சோறு இறங்கவில்லை, பிறகு தண்ணீரும் சிரமமாயிற்று, தறியில் நிற்க முடியாமல் வீட்டோடு கிடந்தான். அவன் மனைவி தெய்வானை இரண்டு ஷிப்ட் ஓட்டினாள். அமலோற்பவம் அவன் வயிற்றில் கை வைத்தபோது விலாவுக்குக் கீழே எலுமிச்சம்பழம் போல ஒன்று விரலில் தட்டியது. காலனியில் மற்றவர்களையும் படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தாள். மிளகளவு, பட்டாணியளவு, ஒருத்தருக்கும் விட்டுப்போகவில்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிற உடம்பில் இந்நேரம் கரைந்திருக்கும். ஷிப்டுக்கு ஷிப்ட் நிற்கிற உடம்பில் அது அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஆறுச்சாமியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள், அவர்கள் கொடுத்த மருந்தெல்லாம் அவன் முடியைக் கொட்ட வைத்ததே தவிர கட்டியைத் தொடவில்லை.

அவனை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்த வாரம் நாச்சிமுத்து ஒரு டப்பா மைசூர்பாகோடு சுகாதார நிலையத்துக்கு நடந்தே வந்தார். கன்னத்தில் சதை ஏறியிருந்தது. ஸ்கேன் படங்களை மேசைமேல் பரப்பினார், பழசு ஒன்று, புதுசு ஒன்று. "கட்டி இருந்த எடமே தெரியலீன்னு கோயமுத்தூர்ல ஆச்சரியப்படறாங்க டாக்டரம்மா." பழைய படத்தில் இருந்ததை அவள் பார்த்தாள். ஆறுச்சாமியின் வயிற்றில் அவள் விரலில் தட்டியது அதுதான், அதே இடம், அதே வடிவம். 

"இது புற்று. உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சா அவங்கள உள்ள கூப்பிட்டீங்க?"

நாச்சிமுத்துவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஏனுங்க டாக்டரம்மா, இல்லீன்னா அவிங்கள எதுக்குங்க நடுவூட்டுல உக்கார வெக்கறேன்?" என்றார். கோபமில்லை, கேலியில்லை, ரொம்ப நியாயமாகத்தான் கேட்டார். மைசூர்பாகு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

நோய் கைமாறியபோதுகூட அவள் இப்படி அதிர்ந்ததில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் மத்தியானச் சாப்பாட்டைக்கூட நினைக்காமல் ஊருக்குள் இறங்கினாள். கணக்கு ரொம்ப எளிது. ஊர் மொத்தமும் ஓடையைத் தாண்டி வந்து ஆறுச்சாமி வீட்டில் ஆளுக்கு ஒரு வாய் குடித்தால் போதும். முதல் டம்ளரை அவளே எடுத்துக்கொள்வாள், மற்றவர்களுக்குக் கடுகில் பாதிகூட வராது, விடிந்தால் கரைந்துபோகும், ஆறுச்சாமி பிழைத்துக்கொள்வான். இதைத்தான் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். எல்லோரும் உட்கார வைத்துக் கேட்டார்கள். "ஐயோ பாவம், நல்ல தறிக்காரனுங்க" என்றார்கள். ஒரு வீட்டில் பத்து கிலோ அரிசி கொடுத்தனுப்பட்டுமா என்றார்கள். ஒரு வீட்டில் அம்மனுக்கு வேண்டிக்கொள்வதாகச் சொன்னார்கள். சாயப்பட்டறை மேஸ்திரி, பெரியவர்கள் எல்லோரும் போனால் தானும் போவதாகச் சொன்னார். பெரியவர்கள், மேஸ்திரி போகட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

கடைசியாகக் கோகிலம் வீட்டுக்குப் போனாள். படித்தவள், புத்தகம் வாசிக்கிறவள், இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி.

"பயப்படாத கோகிலம். கடுகளவுகூட இல்ல. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதித் தாரேன்."

"நோவுக்குப் பயமில்லீங்க டாக்டரம்மா," என்றாள் கோகிலம், சொல்லத் தயங்கி, பிறகு சிநேகிதியிடம் மறைப்பானேன் என்று சொல்லியே விட்டாள். "முழு நோவையும் வேண்ணாலும் எனக்கே குடுங்க, ஆஸ்பத்திரில படுத்துக்கறேன். அங்க போயி, அவிங்க டம்ளர்ல, வாய் வெச்சுத் தண்ணி குடிக்கறதுன்னா... நெனச்சாலே கொமட்டுதுங்க. எங்களுக்குப் பழக்கமில்லீங்களே."

சொல்லிவிட்டு அன்பாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அமலோற்பவம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புற்றுநோய் வேண்டுமானால் வாங்கிக்கொள்கிறேன், தண்ணீர் வேண்டாம் என்று ஒரு மனுஷி சொன்னாளா இல்லையா, தன் காதில் விழுந்தது சரிதானா என்று அவளுக்குத் தன்மீதே சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த ஊருக்கு ஊசி போட்டும் இந்த ஊரின் உடம்பு என்னவென்று தெரியாமலே இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அழுகை வந்தது, அழாமல் கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

ஓடையைத் தாண்டும்போது வெயில் சாய்ந்தும் சூடு தணியவில்லை. ஆறுச்சாமி வீடு ஒற்றை அறை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பி முட்டியை நெஞ்சோடு மடக்கிப் படுத்திருந்தான். காலனிக்காரர்கள் தினமும் குடிக்க வந்தார்கள், அவன்தான் விடவில்லை. "அவிங்கவிங்க வயித்துல ஆளுக்கொரு துண்டு ஏற்கெனவே கெடக்குது, இதுல என்னுதையும் சேத்தியா?" என்று, வீட்டில் யார் குடிக்க வந்தாலும் டம்ளரைப் பிடுங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். தெய்வானை ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் பஞ்சோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரும் வரமாட்டாங்க தெய்வானை," என்றாள் அமலோற்பவம். "வீடு வீடாப் போயிட்டேன்."

தெய்வானை ஆச்சரியப்படவில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க. சித்த உக்காருங்க," என்று பாயைத் தட்டிப் போட்டாள். குடத்தின் மூடியைத் திறந்து, "தண்ணி..." என்றவள், சொல்லி முடிக்காமலே மறுபடி மூடினாள்.

அமலோற்பவத்தின் கை அதற்குள் தோள்பைக்குள் போயிருந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. தன் கை அப்படிச் செய்வதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"பரவால்லீங்க, குடிங்க," என்றாள் தெய்வானை. குத்திக்காட்டவில்லை, உபசரித்தாள். "நீங்க இங்க வந்தா எப்பவும் உங்க பாட்டில்தானுங்களே. கெணத்துத் தண்ணி சேராதுன்னு தெரியுமுங்க. ஊருக்குள்ள காபி குடிப்பீங்க, இங்க வந்தா பாட்டில். நாங்க அதுக்காவ ஒண்ணும் நெனச்சுக்கறதில்லீங்க."

கொன்றைவலசில் அத்தனையும் பார்த்து அதிர்ந்தவளுக்குக் கடைசி அதிர்ச்சி இந்த அறையில்தான் காத்திருந்தது. எத்தனை பிரசவம், எத்தனை காய்ச்சல், எத்தனை முறை இந்த ஓடையைத் தாண்டியிருக்கிறாள்! ஒவ்வொரு முறையும் கிருமி, வயிற்றுப்போக்கு, குடிநீர்ச் சுகாதாரம் என்று நியாயமான, படித்த, சுத்தமான காரணம் இருந்தது. கோகிலத்தின் வீட்டுக் காபி எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? இரண்டு பக்கத்துக்கும் ஒரே கிணற்றிலிருந்துதான் குழாய் போகிறது, ஊராட்சிக்கு அதைச் சொல்லி வாதாடியவளே அவள்தான். வெட்கம் காதுவரை ஏறிச் சுட்டது.

பாட்டிலைக் கீழே வைத்தாள். ஆறுச்சாமியின் தலைமாட்டிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தெய்வானையிடம் நீட்டினாள். ஆறுச்சாமி திரும்பிப் பார்த்து, "வேண்டாங்க டாக்டரம்மா, மொதல் டம்ளருங்க" என்று நீளாத கையை நீட்டிப் பார்த்தான், எட்டவில்லை. தெய்வானை குடத்தின் மூடியைத் திறந்தாள். பிறகு குடத்திலிருந்து மொண்டு ஊற்றினாள்.

"இப்ப எப்படி இருக்கு, ஆறுச்சாமி?" ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி, இப்போதுதான் முதல்முறையாகக் கேட்பது போல அவளுக்கு வாய் குழறியது.

"தாங்க முடியலீங்க," என்றான் அவன்.

டம்ளரில் வாய் வைத்துக் குடித்தாள். தண்ணீர் குளுமையாக இறங்கியது. அதற்குப் பின்னாலேயே அது வந்தது. விலாவுக்குக் கீழே யாரோ முழங்காலை ஊன்றி ஏறி உட்கார்ந்தது போல ஒரு கனம், ஒரு கவ்வல். வலியைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் இதைப் பார்க்காதவன் எழுதியது என்று அவளுக்குத் தோன்றியது. இதோடுதான் இவன் இத்தனை நாள் வாய் திறந்து கத்தாமல் கிடந்திருக்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். ஆறுச்சாமி மடக்கியிருந்த ஒரு காலை, ரொம்ப நாளைக்குப் பிறகு, மெதுவாக நீட்டினான். இன்னொரு காலை அவனால் நீட்ட முடியவில்லை, மிச்சம் இன்னும் அங்கே இருந்தது.

அமலோற்பவம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டம்ளரை மறுபடி நீட்டினாள். "இன்னொண்ணு ஊத்து தெய்வானை. மிச்சத்தையும் நானே எடுத்துக்கறேன்."

தெய்வானை டம்ளரை வாங்கினாள். ஊற்றவில்லை. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

"போதுமுங்க," என்றாள். "இது உங்க பங்கு. அவிங்க பங்கையும் நீங்களே குடிச்சுட்டா, அப்பறம் அவிங்க எதுக்குங்க வரோணும்?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வாசல் நிலைக்கு உள்புறமாக இறக்கினாள். மேலே டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கதவு இரண்டையும் முழுசாகத் திறந்துவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் ஊரைப் பார்த்து உட்கார்ந்தாள்.